நண்டு வளை

எங்கள் அத்தைக்கு 76-வது வயதில் அரிசி தின்னும் பழக்கம் வந்தது.

உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். பகலில் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் முந்தானையில் கொஞ்சம் முடிந்து வைத்திருப்பாள். நறுக் நறுக்கென்று மெல்லுகிற சப்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பெண்கள் அரிசி தின்றால் அவர்கள் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். "பாட்டி கல்யாணத்துக்கு எல்லாரும் குடையோடதான் போகணும்" என்று என் மகள் கேலி செய்வாள். நாங்கள் சிரிப்போம். அத்தையும் சிரிப்பாள். நான் இன்னும் ஒரு படி மேலே போய், அதை ஒரு வேடிக்கைக் கட்டுரையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர்கள் பணம் அனுப்பினார்கள். மார்கழிக்கு முன்பே தனக்குக் குளிர்கிறது என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்ததால், அந்தப் பணத்தில் அவளுக்கு ஒரு சால்வை வாங்கிக் கொடுத்தேன்.

அரிசி தின்னும் ஆசையும் காரணமில்லாத குளிரும், உடம்பில் ரத்தம் குறைகிறபோது வரக்கூடிய அடையாளங்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. மனிதர்களைக் கவனிப்பதுதான் என் தொழில் என்று மேடைகளில் பேசுகிறவன் நான்.

அந்த வருஷம் உறவில் ஒரு கல்யாணம். பந்தலில் அத்தையைப் பார்த்த பெண்கள் எல்லோரும், "இந்த வயசில் என்ன நிறம் கொடுத்திருக்கு உங்களுக்கு! வெயிலில் அலைந்த உடம்பா இது?" என்று வியந்தார்கள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. மண்டப மாடிக்கு ஏறும்போது மட்டும் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வயசு என்றேன் நான். வயசு என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை வியாதிகள் ஒளிந்துகொள்கின்றன!

உள்ளூர் டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சோகை என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலையில் அத்தை என்னிடம் வந்து, தயங்கித் தயங்கி, "கொல்லைக்குப் போனால் கறுப்பாப் போவுதுடா" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எத்தனை கூச்சமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். "இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், அத்தே. மாத்திரைத் தாளிலேயே போட்டிருக்கிறது" என்றேன். அது உண்மைதான். ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் கறுப்பாகத்தான் போகும். இரண்டு உண்மைகளில் எனக்குச் சௌகரியமான உண்மையை அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அத்தை என் தகப்பனாரின் தங்கை. 24 வயதில் கணவனை இழந்து, மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்து வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்பா உத்தியோகத்துக்காக வெளியூரில் இருந்ததால், நான்கு ஏக்கர் நிலத்தையும் என்னையும் வளர்த்தவள் அவள்தான். நடவு முடிந்த காலத்தில், ராத்திரி வேளையில் அரிக்கேன் விளக்கை என் கையில் கொடுத்து வயலுக்கு அழைத்துப் போவாள். மாலையில் கட்டிய தண்ணீர் காலையில் வற்றியிருந்தால், வரப்பில் எங்கோ நண்டு வளை வைத்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பகலில் தேடினால் அகப்படாது. தண்ணீர் வற்றிய பிறகு தேடினாலும் அகப்படாது. வரப்பு பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். வயல் நிறையத் தண்ணீர் நிற்கும்போது, சந்தடியில்லாத ராத்திரியில், வரப்பு ஓரமாகக் காது கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். எங்கோ ஓர் இடத்தில் சளசளவென்று மெல்லிய ஓசை கேட்கும். அத்தை அங்கே குந்தி உட்கார்ந்து, மேல் வயல் பக்கத்து வாயைக் கையால் துழாவிக் கண்டுபிடித்து, களிமண்ணும் வைக்கோலும் சேர்த்துத் திணித்து மிதிப்பாள். "வெளி வாயை அடைச்சா வேற வழி பாத்துக்கும். உள் வாயை அடைக்கணும்" என்பாள்.

ஐம்பது வருஷங்களுக்கு மேல் கழித்து, அவளுடைய உடம்பிலேயே அப்படி ஒரு வளை விழுந்திருந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள், குளியலறை வாசலில் அத்தை மயங்கி விழுந்தாள். இந்த முறை கறுப்பு இல்லை. கருஞ்சிவப்பாக ரத்தமே போயிருந்தது. தஞ்சாவூரில் முதலுதவி செய்து சென்னைக்கு அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் குறைந்தது 12 இருக்க வேண்டிய இடத்தில் 5.8 இருந்தது. இரண்டு நாளில் நாலு புட்டி ரத்தம் ஏற்றினார்கள்.

வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. கீழ் வழியாகப் பெருங்குடலைப் பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் ரத்தமாக இருந்ததால், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. டாக்டருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் படம் போட்டு விளக்கினார். வயதானவர்கள் சிலருக்குப் பெருங்குடலின் வலப்பக்கத் தொடக்கத்தில், உட்சுவரில் இருக்கும் நுண்ணிய ரத்த நாளங்கள் புடைத்து, நெளிந்து, சிலந்தி வலை மாதிரி ஆகிவிடுகின்றனவாம். ஆஞ்சியோடிஸ்பிளேசியா என்று பெயர். புண் இல்லை, கட்டி இல்லை, வலி இல்லை. சுவர் மட்டும் மெலிந்து போயிருக்கும். சில நாள் கசியும், சில நாள் நின்றுவிடும். பல மாதங்கள் யாருக்கும் தெரியாமலே இது நடந்துகொண்டிருக்கும்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. அத்தையின் நெஞ்சில் குழலை வைத்து வெகு நேரம் கேட்டார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் புறப்படுகிற வாசலில் உள்ள வால்வு கல்லாக இறுகிக் குறுகிப்போயிருக்கிறது என்றார். இதயத்தில் இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குக் குடலில் ரத்தம் போவதை எட்வர்ட் ஹெய்டி என்ற அமெரிக்க டாக்டர் 1958-ல் கவனித்து, தாம் பார்த்த பத்து நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகைக்குச் சிறு கடிதம் எழுதினாராம். இதயத்துக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது விளங்கவில்லை. காரணம் பல வருஷங்கள் கழித்துத்தான் தெளிவாயிற்று. ரத்தம் உறைவதற்கு உதவுகிற நீண்ட புரதம் ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. குறுகிய வால்வின் இடுக்கில் ரத்தம் பீறிட்டுப் பாயும்போது அந்தப் புரதம் துண்டு துண்டாகிவிடுகிறது. மற்றவர்களுக்குத் தானாக நின்றுவிடக்கூடிய கசிவு இவர்களுக்கு நிற்பதில்லை. அத்தையின் நெஞ்சும் வயிறும் இப்படி ஒன்றுக்கொன்று உடந்தையாக இருந்திருக்கின்றன.

முன் காலத்தில் இதற்கு வழி, வயிற்றைத் திறந்து பெருங்குடலின் வலப்பாகத்தை வெட்டி எடுப்பதுதான். இந்த வால்வை வைத்துக்கொண்டு அத்தை மயக்க மருந்தைத் தாங்குவாளா என்பதே சந்தேகம் என்றார்கள்.

மூன்றாம் நாள் ரத்தம் போவது தானாக நின்றது. நான் வீட்டுக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னேன். ஆனால் டாக்டர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "நின்றது நல்லதுதான், ஸார். ஆனால் நின்றிருக்கும்போது படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. மறுபடி ஆரம்பித்தால் உடனே சொல்லுங்கள். அர்த்த ராத்திரியானாலும் பரவாயில்லை" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. ரத்த நாளத்தில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தால், நாளத்துக்கு வெளியே சாயம் சிந்துகிற இடம்தான் கசிவு இருக்கிற இடம். ஆனால் அந்தச் சமயத்தில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் நிமிஷத்துக்குச் சுமார் அரை மில்லி லிட்டர், அதாவது பத்துச் சொட்டாவது, போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் படத்தில் அகப்படாமல் போகலாம். பத்துச் சொட்டு என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஒரு நாள் முழுவதும் அப்படிப் போனால் கிட்டத்தட்ட முக்கால் லிட்டர்!

மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி ஆரம்பித்தது. நர்ஸ் ஓடினாள். டாக்டர் வந்தார். அத்தையைத் தள்ளுவண்டியில் ஸ்கான் அறைக்குக் கொண்டுபோனார்கள். நான் வெளி நடையில் நின்றேன். நாலு நாளாக, ரத்தம் நிற்க வேண்டும், ரத்தம் நிற்க வேண்டும் என்று தெய்வங்களை எல்லாம் வேண்டிக்கொண்டிருந்தவன், அந்த அரை மணி நேரம் மட்டும், 'இப்போது நின்றுவிடக் கூடாதே, இன்னும் கொஞ்சம் போகட்டும்' என்று வேண்டிக்கொண்டேன். என்னை வளர்த்தவளின் ரத்தம் ஒழுக வேண்டும் என்று பிரார்த்தனை செய்தேன். அந்த நிமிஷத்தை நான் மறக்கப் போவதில்லை.

ஸ்கான் படத்தில், வலப்பக்கக் குடலில், பொட்டு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

"குடலில் போகிற குழாயை வைத்து இப்போது அடைக்க முடியாது, ரத்தம் மறைக்கிறது. ரத்த நாளத்தின் வழியாகவே போய் அடைக்கலாம்" என்றார் டாக்டர். அதற்கு எம்போலைசேஷன் என்று பெயர் சொன்னார். அடைப்பு என்ற சொல்லே எனக்குத் திகிலைக் கொடுத்தது. அப்பா போனது இதயத்தில் விழுந்த அடைப்பினால். பெரியப்பா படுத்தது மூளையில் விழுந்த அடைப்பினால். இங்கே ஒரு டாக்டர், தாமாகவே போய் ஓர் அடைப்பை உண்டாக்கப் போகிறேன் என்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய தாளில் ஆபத்துகளும் அச்சிட்டிருந்தன. அடைபட்ட நாளத்தை நம்பியிருக்கும் குடல் பகுதி ரத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். அப்படியானால் அவசரமாக அறுக்க வேண்டி வரும்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ கதாபாத்திரங்களின் விதியை ஒரு வரியில் முடித்தவன். இங்கே ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை.

அத்தை கண்ணைத் திறந்து, "என்னடா சொல்றாரு?" என்றாள். பாதியை மறைத்துச் சொன்னேன். ரத்தம் போகிற ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதை உள்ளேயிருந்து அடைக்கப் போகிறார்கள் என்றேன்.

அத்தை என்னை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, அடைச்சா கடைமடைக்குத் தண்ணி போவுமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான் அவருக்கு விளக்கினேன். வாய்க்காலின் கடைசி வயல் வரை தண்ணீர் எட்டுமா என்று கேட்கிறாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தள்ளுவண்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு அத்தையிடமே பேசினார்.

"அதுதாம்மா கேள்வி. ரொம்பத் தள்ளி, பெரிய வாய்க்காலிலேயே அடைச்சா, பக்கத்து வாய்க்கால் வழியாத் தண்ணி சுத்தி வந்து ஓட்டையிலே மறுபடியும் ஒழுகும். எல்லாக் கிளையையும் அடைச்சா, நீங்க சொல்ற மாதிரி கடைமடை காஞ்சு போயிடும். ஓட்டைக்கு ரொம்பக் கிட்டப் போய், அந்த ஒரு மடையை மட்டும் அடைக்கணும்."

"உள் வாயை" என்றாள் அத்தை.

"ஆமாம். உள் வாயை."

"அப்போ போடுடா கையெழுத்தை" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பாதியை மறைத்துச் சொன்ன நான், அவளிடம் முழுவதையும் சொன்ன டாக்டரின் முன்னால் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே என்ன நடந்தது என்பதை டாக்டர் பிறகு சொன்னார். மேலும் சிலவற்றை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். அங்கே உள்ள தமனியில் ஓர் ஊசியைச் செலுத்தி, ஊசிக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேல் குழாயை ஏற்றுகிறார்கள். கேட்டால், இவ்வளவுதானா என்று இருக்கும். 1953-ல் ஸ்வீடன் தேசத்தில் செல்டிங்கர் என்ற 32 வயது டாக்டர் இந்த முறையை வெளியிடும் வரை, நாளத்தைக் கத்தியால் திறந்தும் தடித்த ஊசிகளைக் குத்தியும்தான் சிரமப்பட்டிருக்கிறார்கள்.

குழாய் உள்ளே போய்ப் படம் எடுக்கலாம். ஆனால் குழாயாலேயே வைத்தியமும் செய்யலாம் என்று துணிந்தவர் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்து சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரியில், காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவருடைய தொடை நாளத்தின் அடைப்பைக் குழாயாலேயே விரித்துக் காலைக் காப்பாற்றினார். அதே நகரத்தில், பிராகிலிருந்து வந்து அவரோடு சேர்ந்த ஜோசப் ரோஷ் அதற்கு நேர் எதிரான காரியத்தைச் செய்தார். வயிற்றில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த நோயாளியின் நாளத்துக்குள் குழாயைக் கொண்டுபோய், அவருடைய சொந்த ரத்தத்தையே உறையவைத்து, அந்தக் கட்டியால் நாளத்தை அடைத்தார். 1972-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். ஒருவர் அடைப்பைத் திறந்து காலைக் காத்தார். மற்றவர் அடைப்பை உண்டாக்கி உயிரைக் காத்தார். இடம்தான் முக்கியம் போலிருக்கிறது.

அத்தைக்கு ரத்தக் கட்டியை வைக்கவில்லை. பெரிய குழாய்க்குள் ஒரு சிறிய குழாய்; அதை இதயத்துக்குக் கீழே பெரிய தமனியிலிருந்து குடலுக்குப் பிரியும் கிளைக்குள் விட்டு, அதிலிருந்து உபகிளைக்குள் விட்டு, குடல் சுவரின் ஓரம் வரைக்கும் போனார்களாம். சாயம் போகும்போது வயிறெல்லாம் வெந்நீர் ஓடுகிற மாதிரி சுட்டதாக அத்தை சொன்னாள். சாயம் சிந்துகிற இடத்துக்குச் சற்று முன்னால், தலைமயிர் போன்ற பிளாட்டினக் கம்பிச் சுருள் இரண்டை வைத்தார்கள். அந்தச் சுருளில் நுண்ணிய நார்கள் உண்டு. அவற்றைப் பற்றிக்கொண்டு ரத்தம் உறைந்து, மடை மூடிவிடுகிறது. களிமண்ணும் வைக்கோலும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்த பிறகு ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். "இனி இரண்டு நாள் ரத்தத்தைப் பற்றிய கவலை பாதி, வயிற்றைப் பற்றிய கவலை பாதி" என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளும் வேளைக்கொரு தரம் வந்து வயிற்றை அழுத்தி, "வலிக்கிறதா அம்மா?" என்று கேட்பார். வலிக்கவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அத்தை ரசம் சாதம் சாப்பிட்டாள்.

இத்துடன் கதை சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "இந்த ஓட்டையை அடைத்திருக்கிறோம். வேறு இடத்தில் வரலாம். வேர் நெஞ்சில் இருக்கிறது." அப்படியே எட்டு மாதம் கழித்து மறுபடி கொஞ்சம் கறுப்பாகப் போயிற்று. அத்தை அன்றைக்கே என்னிடம் சொன்னாள். நானும் அன்றைக்கே கிளப்பிக்கொண்டு போனேன். இந்தத் தடவை குடல் சுத்தமாக இருந்ததால், பெருங்குடலுக்குள் குழாய் விட்டே புள்ளிகளைக் கண்டுபிடித்து ஆர்கன் வாயுவின் மூலம் சூடு வைத்தார்கள். பிறகு, நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைத்தார்கள். 2002-ல் பிரான்ஸ் தேசத்தில் ரூவான் நகரத்தில் அலென் கிரிபியே என்பவர் முதன்முதலாகச் செய்தது இது. "அதே காலா? அவங்களுக்கு வழி தெரிஞ்சுபோச்சு" என்றாள் அத்தை. வால்வு சரியான பிறகு, இதுவரை கசிவு இல்லை.

வீட்டில் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. காலையில் காப்பி கொடுக்கும்போதே, "எப்படிப் போயிற்று, அத்தே?" என்று நான் கேட்டுவிடுவேன். முதலில் என் மனைவி முகத்தைச் சுளித்தாள். அத்தை வெட்கப்பட்டாள். இப்போது காலைப் பத்திரிகை மாதிரி அது ஒரு சாதாரண விஷயமாகிவிட்டது. வயசானவர்கள் நம்மிடம் வெளிச்சம் வராத வேளையில், வாசல் ஓரமாக நின்று, ஒரு தரம்தான் சொல்வார்கள். அந்த ஒரு தரத்தில் நாம் மாத்திரைத் தாளைக் காட்டி அனுப்பிவிட்டால், மறு தரம் வரமாட்டார்கள்.

சென்ற மாதம் வெளியே போய்விட்டுத் திரும்பினேன். கூடத்தில் அரிசி மூட்டை பிரித்திருந்தது. பக்கத்தில் அத்தை உட்கார்ந்து நறுக்கென்று அரிசியைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு வெலவெலத்துப் போயிற்று.

"அத்தே! என்ன பண்றீங்க?"

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பழைய அரிசின்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போறான். பழசா புதுசான்னு கடிச்சுப் பாக்க வேண்டாமாடா?"

நானும் சிரித்தேன். ஆனால் சாயங்காலமே சோதனைச் சாலைக்கு அழைத்துக்கொண்டு போய் ரத்தம் பார்த்தேன். 11.6 இருந்தது. அரிசி புதுசுதான் என்று அத்தை சொன்னாள்.